மருந்தாய்ந்த மாதரசி

பிணியின்றி வாழ்தல் மக்கள் யாவரும் விழையும் பேறாகும். பிணி வந்துற்றபோது அதனைத் தீர்க்க வல்லது மருந்து. ஆதலின் மருந்தை அமிழ்தம் என்று போற்றுதல் உலக வழக்கம். ஆயினும், அளவு மிகினும், ஆளறிந்து கொடாவிடினும், ஆய்ந்து பாராமல் வழங்கப்பெறினும், அம்மருந்தே நஞ்சாக மாறுதலும் உண்டு. நோயுற்றவன் இயல்பு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் நன்கறிந்தே மருத்துவன் தன் தொழிலைச் செய்தல் வேண்டும் என்பது திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தும் கருத்தாகும்.

இக்காலத்தில் மருந்துகள் பெரிய ஆலைகளிற் செய்யப்பெறுகின்றன. ஓர் ஊரிற் செய்த மாத்திரை சில திங்களுக்குள் உலகின் பல மூலைகளிலும் உள்ள நோயாளர் கைக்குச் சென்று சேர்கின்றது. அதனிடத்துப் பிழை ஒன்று இருப்பின், அப்பிழையும் அதனோடு உலகெங்கும் சென்று பரவும். ஆகவே, ஒரு மருந்தை மக்கள் உண்ணலாம் என்று இசைவு தருவோரின் பொறுப்பு மிகப் பெரிது. அப்பொறுப்பை உணர்ந்து, 'சான்று போதாது' என்று உரைத்துப் பதினெட்டுத் திங்கள் உறுதியாக நின்று, எண்ணற்ற குழந்தைகளைக் காத்தவர் பிரான்சிஸ் கெல்சி அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

கனடா நாட்டின் மேலைக் கரையை ஒட்டி வான்கூவர் என்னும் தீவு உள்ளது. அத்தீவில் காபிள் ஹில் என்னும் சிற்றூரில் 1914-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24-ஆம் நாள் பிரான்சிஸ் ஓல்டம் பிறந்தார். அவர்தம் தந்தையார் பிரித்தானியப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மரங்களும் விலங்குகளும் நிறைந்த அவ்வூர்ச் சூழலில் வளர்ந்த அச்சிறுமிக்கு உயிர்களின் இயல்பை அறிவதில் இளமையிலேயே நாட்டம் உண்டாயிற்று.

பள்ளிக் கல்வி முடிந்தபின் மாண்ட்ரியல் நகரத்திலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். 1934-இல் இளநிலைப் பட்டமும், 1935-இல் மருந்தியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். மருந்தியல் என்பது, ஒரு பொருள் உடலுட் புகுந்தபின் எவ்வுறுப்பில் எவ்வாறு வேலை செய்கின்றது, எவ்வளவு நேரம் தங்குகின்றது, எவ்வளவு மிகுந்தால் ஊறு செய்கின்றது என்பனவற்றை ஆராயும் கலையாகும்.

அக்காலத்தில் உலகெங்கும் பொருளியல் மந்தம் நிலவியது. ஆடவர்க்கே வேலை கிடைத்தல் அரிதாயிருந்தது. பெண்டிர்க்கு ஆராய்ச்சிப் பணி கிடைத்தல் அதனினும் அரிது. அமெரிக்காவில் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் யூஜின் கைலிங் என்னும் பேராசிரியர் மருந்தியல் துறை ஒன்றைப் புதிதாகத் தொடங்குகின்றார் என்று கேள்வியுற்ற பிரான்சிஸ், 1936-இல் அவருக்கு மடல் எழுதினார். பணியும் உதவித்தொகையும் அளிப்பதாக விடை வந்தது. ஆனால் அவ்விடை, 'திருவாளர் ஓல்டம்' என்று விளித்து எழுதப்பட்டிருந்தது! ஆங்கிலத்தில் பிரான்சிஸ் என்னும் பெயர் ஓரெழுத்து வேறுபாட்டால் ஆண்பாற் பெயராகவும் பெண்பாற் பெயராகவும் வழங்கும். பேராசிரியர் அதனை ஆண்பாற் பெயரென்றே கருதிவிட்டார்.

நேர்மையுடைய பிரான்சிஸ் தம் ஆசிரியரை அணுகி, "யான் பெண் என்பதைத் தெரிவித்தல் வேண்டுமா?" என்று வினவினார். ஆசிரியரோ, பணியை ஏற்றுக்கொண்டு, தம் பெயருக்கருகே 'செல்வி' என்று குறித்துக் கையொப்பமிட்டுப் புறப்படுமாறு அறிவுறுத்தினார். அவரும் அவ்வாறே செய்தார். வேறு பெயர் தமக்கு இருந்திருப்பின் அவ்வாய்ப்புக் கிட்டியிருக்குமோ என்று அம்மையார் பிற்காலத்தில் வியந்து கூறுவதுண்டு.

சுரப்பி ஆராய்ச்சி

நம் மூளையின் அடியிற் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒன்று உள்ளது. உருவிற் சிறிதாயினும் ஆற்றலிற் பெரிது. அது சுரக்கும் ஹார்மோன்கள் என்னும் இயக்குநீர்கள் குருதியிற் கலந்து உடலெங்கும் சென்று, வளர்ச்சி, குருதி அழுத்தம், சிறுநீரின் அளவு, மகப்பேறு முதலிய பலவற்றையும் ஆளுகின்றன. இச்சுரப்பிக்கு முன்மடல், பின்மடல் என இரு பகுதிகள் உண்டு. எந்த நீரை எந்த மடல் சுரக்கின்றது என்பது அக்காலத்து அறிஞரைக் கலங்கவைத்த வினாவாக இருந்தது. பெரும்பாலான விலங்குகளில் இரு பகுதிகளும் ஒட்டியே அமைந்திருப்பதால் ஒன்றைப் பிரித்தெடுக்கும்போது மற்றொன்றும் கலந்துவிடும்.

கைலிங் இதற்கு வழி கண்டார். திமிங்கிலத்தின் சுரப்பியில் இரு மடல்களுக்கும் இடையே திரைபோன்ற தடுப்பொன்று இருக்கின்றது. ஆகவே ஒன்றோடொன்று கலவாமல் இரண்டையும் பிரித்தெடுக்கலாம். அதன்பொருட்டுத் திமிங்கில வேட்டை நிலையங்களிலிருந்து சுரப்பிகளைப் பெற்று அவர் ஆராய்ந்தார். நிலத்தில் வாழும் விலங்குகளிலும் இத்தகைய அமைப்புடையது ஒன்று உண்டு. உடல்மீது ஓடுபோன்ற கவசம் பூண்டு, அமெரிக்கக் கண்டத்தில் வாழும் ஆர்மடில்லோ என்பதே அது. அவ்விலங்கின் பிட்யூட்டரிச் சுரப்பியை ஆராயும் பணியைப் பிரான்சிஸ் மேற்கொண்டார். அதன் அமைப்பையும், அதன் சுரப்புநீர் செய்யும் வேலைகளையும் ஆராய்ந்து எழுதி, 1938-இல் அறிஞர் பட்டம் பெற்றார்.

கடுகளவுப் பொருள் பேருடலை ஆட்டிவைக்கும் விந்தையை இவ்வாராய்ச்சி அவருக்கு நேரிற் காட்டிற்று. ஒரு பொருளைச் செம்மையாகப் பிரித்து அறிந்தபின்னரே அதனைப் பற்றி முடிவு கூறுதல் வேண்டும் என்னும் ஒழுங்கையும் அவர் இங்குக் கற்றுக்கொண்டார்.

இனிப்பில் மறைந்த நஞ்சு

அவர் பட்டத்திற்கு ஆராய்ந்துகொண்டிருந்த 1937-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பெருந்துயர் ஒன்று நிகழ்ந்தது. தொண்டை நோய் முதலியவற்றைத் தீர்க்கச் சல்பனிலமைடு என்னும் மருந்து அக்காலத்திற் புகழ்பெற்று விளங்கியது. அது மாத்திரையாகவும் பொடியாகவும் கிடைத்தது. குழந்தைகள் விழுங்குதற்கு எளிதாக அதனை நீர்மமாக ஆக்கினால் விற்பனை பெருகும் என்று ஒரு மருந்து நிறுவனம் எண்ணியது. அம்மருந்து நீரில் எளிதிற் கரையாது. இனிப்புச் சுவையுடைய டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நீர்மத்தில் அது நன்கு கரைவதைக் கண்டனர். பழமணமும் நிறமும் சேர்த்து நாடெங்கும் அனுப்பினர். நிறம், மணம், சுவை மூன்றையும் ஆராய்ந்தனர். அதனைக் குடித்தால் உயிர் நிலைக்குமா என்பதை மட்டும் ஆராய்ந்திலர்! அவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமும் அப்போது கூறவில்லை.

அம்மருந்தைக் குடித்தோர் சிறுநீர் தடைப்பட்டு, வயிற்று வலியால் துடித்து மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர்; அவருட் குழந்தைகள் பலர். மருந்தில் இருந்த நஞ்சு யாது என்று தெளியும் பணி கைலிங்கின் ஆய்வுக்கூடத்திற்கு வந்தது. எலி, முயல், நாய் ஆகியவற்றிற்கு மருந்தைத் தனியாகவும், கரைப்பானைத் தனியாகவும், இரண்டின் கலவையையும் கொடுத்து நோக்கினர். இவ்வாராய்ச்சியில் பிரான்சிஸும் பங்கு கொண்டார். கொன்றது சல்பனிலமைடு அன்று. அதனைக் கரைக்கச் சேர்த்த இனிய நீர்மமே என்பது தெளிவாயிற்று.

அரசின் உணவு மருந்து ஆட்சித்துறையினர் ஊர் ஊராகச் சென்று எஞ்சிய மருந்தைத் தேடிக் கைப்பற்றினர். அங்ஙனம் கைப்பற்றுதற்கும் அவர்களுக்குக் கிடைத்த சட்ட வலிமை ஒன்றே ஒன்றுதான். 'எலிக்சர்' என்று பெயரிட்ட மருந்தில் சாராயம் கலந்திருத்தல் வேண்டும். இம்மருந்தில் அது இல்லை. ஆகவே, பெயர் பொய் என்பதே குற்றமாயிற்று. மக்களைக் கொன்றமை சட்டத்தின் கண்ணிற் படவில்லை. இக்குறையைப் போக்க 1938-இல் புதுச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. புதிய மருந்து எதனையும் விற்பதற்குமுன் அது தீங்கற்றது என்னும் சான்றை அரசிடம் காட்டுதல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

இத்துயரம் அன்றோடு முடிந்ததாகவும் கொள்ளுதற்கில்லை. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் பழுதுற்று மாண்டபோது, அவர்களுக்குக் கொடுத்த மருந்துகளில் இந்நஞ்சு காணப்பட்டது. 2025-இல் நம் நாட்டின் மத்தியப் பிரதேசத்திலும் இந்நஞ்சு கலந்த இருமல் மருந்து குழந்தைகளின் உயிரைக் குடித்தது. கற்ற பாடத்தை மறந்தால் கேடு மீண்டும் வரும் என்பதற்கு இவை சான்றாகும்.

முயல்கள் கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. மலைக்காய்ச்சல் எனப்படும் மலேரியா, போர்முனை வீரர்களைப் பகைவரின் குண்டுகளைப் போலவே வீழ்த்தியது. அதற்கு மருந்து கொயினா. உலகின் கொயினாவில் பெரும்பகுதி சாவகத் தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942-இல் சப்பானியர் அத்தீவைக் கைப்பற்றியதும் வரத்து நின்றுவிட்டது. ஆகவே, கொயினாவுக்கு மாற்று மருந்து காணும் முயற்சியில் அறிஞர் பலரும் ஈடுபட்டனர். பிரான்சிஸும் அவர்களுள் ஒருவர். அப்பணியில் உடனுழைத்த எல்லிஸ் கெல்சி என்னும் அறிஞரை 1943-இல் அவர் மணந்துகொண்டார். அதுமுதல் கெல்சி அம்மையார் என்று அழைக்கப்பெற்றார்.

அவர்கள் முயல்களுக்குக் கொயினாவைக் கொடுத்து ஆராய்ந்தனர். வளர்ந்த முயலின் கல்லீரல் கொயினாவை விரைவிற் சிதைத்து வெளியேற்றிவிடுகின்றது. கருவுற்ற முயலுக்கு அவ்வாற்றல் குறைந்து காணப்பட்டது. அதன் வயிற்றிலிருந்த குட்டிக்கோ அவ்வாற்றல் சிறிதும் இல்லை. தாய் எளிதில் நீக்கிவிடும் பொருளைக் கருவில் உள்ள குட்டி நீக்க இயலாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

இவ்வுண்மை அறிவுலகில் அக்காலத்து நிலவிய நம்பிக்கை ஒன்றை அசைத்தது. தாயையும் சேயையும் இணைக்கும் நச்சுக்கொடி, அரண்போல நின்று தீய பொருள்களைத் தடுத்துவிடும் என்று பலர் எண்ணியிருந்தனர். மருந்துகள் அவ்வரணைக் கடந்து செல்லக் கூடும் என்பதையும், கரு என்பது சிறிய உருவில் அமைந்த பெரியவர் அன்று என்பதையும் அம்மையார் அறிந்தார். தாய்க்குத் தீங்கு செய்யாதது சேய்க்கும் தீங்கு செய்யாது என்று கொள்ளலாகாது என்னும் பாடம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர் அப்பாடம் பயன்பட்டது.

மருத்துவமும் அரசுப் பணியும்

அறிஞர் பட்டம் பெற்றதோடு அம்மையார் அமைந்தாரல்லர். இல்லறக் கடமைகளோடு மருத்துவமும் பயின்று, 1950-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். பின்னர் மருத்துவ இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவிற் பணியாற்றினார். மெய்யான ஆராய்ச்சியையும், ஆராய்ச்சிபோலத் தோன்றும் வெற்றுப் புகழுரையையும் வேறுபடுத்தி அறியும் பயிற்சியை அப்பணி தந்தது. அதன்பின் தென் டக்கோட்டா மாநிலத்திற் சில ஆண்டுகள் மருந்தியல் ஆசிரியராகவும் மருத்துவராகவும் விளங்கினார். 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வாஷிங்டன் நகரில் உணவு மருந்து ஆட்சித்துறையில் சேர்ந்தார். புதிய மருந்துகளுக்கான விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவு கூறுதல் அவர் கடமையாயிற்று.

வந்த விண்ணப்பம்

பணியேற்ற மறு திங்களே அவர் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து பற்றியது அது. புதியவராகிய அம்மையாருக்கு எளிய வேலையாக இருக்கட்டும் என்று கருதியே அதனை அவரிடம் ஒப்புவித்தனர். அம்மருந்து மேற்கு செருமனியில் 1957-ஆம் ஆண்டிலிருந்தும், பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டிலிருந்தும் விற்பனையில் இருந்தது. செருமனியில் மருத்துவர் சீட்டின்றியே கடைகளில் வாங்கலாம். மிகுதியாக விழுங்கினும் உயிருக்கு இடரில்லை என்று விளம்பரம் செய்தனர். மசக்கையால் வரும் குமட்டலுக்கும் அது நல்லது என்று கருவுற்ற பெண்டிர் பலர் உட்கொண்டனர். இவ்வாறு பல நாடுகள் ஏற்றுக்கொண்ட மருந்தை அமெரிக்காவில் விற்க ஒரு நிறுவனம் இசைவு வேண்டியது.

அக்காலச் சட்டப்படி, விண்ணப்பம் வந்த அறுபது நாட்களுக்குள் துறை மறுப்புரையாவிடில் மருந்துக்கு இசைவு கிடைத்ததாகவே பொருள். ஆகவே கெடு முடிவதற்குள் அம்மையாரும், அவருடன் பணியாற்றிய வேதியியலார் ஒருவரும், மருந்தியலார் ஒருவரும் ஏடுகளை உற்று நோக்கினர். குறைகள் பல புலப்பட்டன. மருந்து உடலில் எவ்வாறு ஏற்கப்படுகின்றது, எவ்வாறு வெளியேறுகின்றது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. மனிதரை உறங்கவைக்கும் அம்மருந்து ஆய்வுக்கூட விலங்குகளை உறங்கவைக்கவில்லை. அங்ஙனமாயின், விலங்குகளுக்குத் தீங்கில்லை என்னும் முடிவு மனிதருக்கு எவ்வாறு பொருந்தும்? மருத்துவர் பலர் எழுதியிருந்தவை புகழுரைகளாக இருந்தனவேயன்றி முறையான ஆராய்ச்சிகளாக இல்லை. 'சான்று போதாது' என்று எழுதி, நவம்பர்த் திங்களில் அம்மையார் விண்ணப்பத்தைத் திருப்பினார்.

நிறுவனத்தார் மேலும் சில தாள்களைச் சேர்த்து அனுப்பினர். புதிய கெடு தொடங்கியது. அவையும் போதா என்று அம்மையார் மீண்டும் திருப்பினார். இவ்வாறே பலமுறை நிகழ்ந்தது. கிறிஸ்துமஸ் விழாவுக்கு முன்னரே விற்பனையைத் தொடங்க விரும்பியிருந்த நிறுவனத்தார்க்குப் பொறுமை குறைந்தது. மடல்கள், தொலைபேசி அழைப்புகள், நேரில் வருகைகள் என ஏறத்தாழ ஐம்பது முறை அவர்கள் துறையினரை நெருக்கினர். அம்மையார் வீண் பிடிவாதம் செய்கின்றார் என்று மேலதிகாரிகளிடம் முறையிட்டனர். பணிக்குப் புதியவர், பெண், எதிர்நின்றோரோ செல்வமும் செல்வாக்கும் உடையவர். 'பிற நாடுகள் ஏற்றுக்கொண்டனவே, நாமும் ஏற்றுக்கொண்டால் என்ன?' என்று எண்ணுதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆயினும் அம்மையார் அசைந்திலர். மேலதிகாரிகளும் அவருக்குத் துணைநின்றனர்.

பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு மடல் 1961-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அம்மையாரின் கண்ணிற் பட்டது. தாலிடோமைடை நெடுநாள் உட்கொண்டோர் சிலருக்குக் கைகால்களில் உணர்ச்சி குன்றுதலும் எரிச்சலும் உண்டாயின என்று மருத்துவர் ஒருவர் அதில் எழுதியிருந்தார். பெரியவர்களின் நரம்புகளையே தாக்கும் ஒரு பொருள், தாயின் வயிற்றில் உருவாகி வரும் கருவை என்ன செய்யும்? முயல்கள் கற்பித்த பாடம் அம்மையாரின் நினைவுக்கு வந்தது. கருவுற்ற பெண்டிர் இதனை உட்கொண்டால் குழந்தைக்குத் தீங்கில்லை என்பதற்குச் சான்று காட்டுமாறு அவர் கேட்டார். நிறுவனத்தாரிடம் அத்தகைய சான்று எதுவும் இல்லை.

உண்மை வெளிப்பட்டது

அதே காலத்தில், செருமனியின் மருத்துவமனைகளில் அரிய குறையோடு குழந்தைகள் பிறந்தன. சில குழந்தைகளுக்குக் கைகள் இல்லை. சிலவற்றுக்குக் கால்கள் முழுமையாக வளரவில்லை. சிலவற்றுக்குச் செவி, கண், இதயம் முதலிய உறுப்புக்களிலும் பழுது இருந்தது. காரணம் புலப்படாமல் பெற்றோர் கண்ணீர் வடித்தனர். ஆம்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் விதுகிந்த் லென்ஸ் என்பார் வீடுதோறும் சென்று அன்னையரைக் கண்டு வினவினார். அவர்களுட் பலர் கருவுற்ற தொடக்க வாரங்களில் தாலிடோமைடு உட்கொண்டவர்கள் என்று தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிரைட் என்னும் மருத்துவரும் இதனையே கண்டு எழுதினார். 1961-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் செருமனியில் அம்மருந்தின் விற்பனை நிறுத்தப்பட்டது. 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க நிறுவனமும் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இதனால் தாக்குண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுட் பலர் பிறந்த சின்னாட்களிலேயே இறந்தனர். பிழைத்தவர்கள் ஊக்கத்தோடு கல்வி கற்று, தொழில் செய்து, தமக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு ஈடு வேண்டிப் பல்லாண்டுகள் போராடினர். அமெரிக்காவிலோ இத்தகைய குழந்தைகள் ஏறத்தாழ 17 பேரே. அவர்களும் விற்பனையால் தாக்குண்டவர் அல்லர். இசைவு கிடைப்பதற்கு முன்னரே, ஆய்வு என்னும் பெயரால் ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவர்களுக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகளை அந்நிறுவனம் வழங்கியிருந்தது. அவற்றையோ பிற நாட்டில் வாங்கிய மாத்திரைகளையோ உட்கொண்ட தாய்மாரின் மக்களே அவர்கள். அம்மையார் ஒருமுறை தளர்ந்து இசைவளித்திருப்பின் அந்நாட்டில் எத்தனை ஆயிரம் தொட்டில்களில் துயரம் குடிகொண்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாராட்டும் புதுச் சட்டமும்

1962-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வாஷிங்டன் நாளிதழ் ஒன்று இச்செய்தியை வெளியிட்டது. அதுகாறும் கோப்புகளினிடையே அமைதியாகப் பணியாற்றிய அம்மையாரை நாடே அறிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடி, அரசு அலுவலர்க்குரிய மிக உயர்ந்த விருதை அவருக்கு அளித்தார். தமக்குத் துணைநின்ற உடன்பணியாளரையும் மேலதிகாரிகளையும் அம்மையார் மறவாமல் குறிப்பிட்டார்.

அக்டோபர் 10-ஆம் நாள் மருந்துச் சட்டம் திருத்தப்பட்டது. தீங்கற்றது என்று காட்டுவதோடு, சொல்லும் பயனைத் தருவது என்றும் மருந்து செய்வோர் மெய்ப்பித்தல் வேண்டும். ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். விற்பனைக்குப் பின் தோன்றும் தீய விளைவுகளையும் அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும் என்னும் விதிகள் உண்டாயின. கெடு முடிந்தால் தானே இசைவு கிடைத்துவிடும் என்னும் பழைய முறையும் ஒழிந்தது. அம்மையார் அதன்பின் மருந்தாராய்ச்சிகள் நேர்மையாக நடைபெறுகின்றனவா என்று கண்காணிக்கும் பிரிவுகளுக்குத் தலைமை தாங்கினார். தொண்ணூறாம் அகவை வரை உழைத்து, 2005-இல் ஓய்வு பெற்றார்.

தாலிடோமைடின் வரலாறும் அத்துடன் முடியவில்லை. 1964-இல் எருசலேம் நகரத்து மருத்துவர் ஒருவர், தொழுநோயாளர்க்கு உண்டாகும் கொடிய வீக்கமும் வலியும் அதனால் தணிவதைக் கண்டார். 1998-இல் அதே உணவு மருந்து ஆட்சித்துறை, மிகக் கடுமையான கட்டுப்பாடுகளோடு அப்பயனுக்கு இசைவளித்தது. எலும்பு மச்சையைப் பற்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் அது இன்று பயன்படுகின்றது. கருவைத் தாக்கும்போது அது உடலின் எந்தப் புரதத்தைப் பற்றுகின்றது என்பதைச் சப்பானிய அறிஞர்கள் 2010-இல் கண்டறிந்தனர். ஒரே பொருள் அறியாமையோடு கொடுத்தபோது நஞ்சாயிற்று. அறிந்து அளவோடு கொடுக்கும்போது மருந்தாகின்றது.

நிறைவுரை

2015-ஆம் ஆண்டில், நூற்றொரு வயது நிரம்பிய அம்மையாருக்கு அவர் பிறந்த கனடா நாடு தன் உயர்ந்த சிறப்புப் பட்டத்தை அளித்தது. அதனைப் பெற்றபின் ஒருநாள் கழிவதற்குள், ஆகஸ்டு 7-ஆம் நாள், அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த தீவில் அவர் பெயர் தாங்கிய பள்ளி ஒன்று இன்று விளங்குகின்றது.

கெல்சி அம்மையார் புதிய மருந்து எதனையும் கண்டுபிடித்தார் அல்லர். ஆயினும், மருந்து கண்டவர்களோடு ஒப்ப வைத்து அவரை உலகம் போற்றுகின்றது. சுரப்பி ஆராய்ச்சி அவருக்குத் துல்லியத்தைக் கற்பித்தது. இனிய நஞ்சு, சோதியாதவற்றை நம்பலாகாது என்று கற்பித்தது. முயலின் குட்டி, கருவின் மென்மையைக் கற்பித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த அறிவே, வேண்டிய வேளையில் 'போதாது' என்னும் ஒரு சொல்லாக வெளிப்பட்டது. பலரும் ஆம் என்று தலையசைக்கும்போது சான்று கேட்டு நிற்றல் எளிதன்று. அதற்குக் கல்வியும் வேண்டும், நெஞ்சுரமும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையப் பெற்றவர் தாம் ஏற்ற தொழில் எதுவாயினும் உலகைக் காப்பவராவர்.

வினாக்கள்

1. கெல்சி அம்மையாருக்குச் சிகாகோவில் பணி கிடைத்த வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
2. ஆர்மடில்லோவின் சுரப்பியை ஆராய்ந்ததற்குக் காரணம் யாது?
3. 1937-ஆம் ஆண்டுத் துயரத்தில் மருந்தைக் கைப்பற்ற உதவிய சட்டக் காரணம் யாது? அதனால் விளங்கும் குறை யாது?
4. முயல்களிடம் கண்ட உண்மை தாலிடோமைடு பற்றிய முடிவுக்கு எவ்வாறு உதவியது?
5. "ஒரே பொருள் நஞ்சும் ஆகும், மருந்தும் ஆகும்." பாடத்திலிருந்து சான்று காட்டி விளக்குக.